இட்டேரிக்கும் சேர்த்து ஒரு வண்டி: ஸ்கார்பியோ-என் 4×4-ஆ, எக்ஸ்யூவி 700 ஏடபிள்யூடி-யா?

சாளைக்காரன் (கோபி)

எல்லோருக்கும் வணக்கமுங்க. பத்து வருடம் ஓட்டிய வண்டியைக் கொடுத்துவிட்டு, டீசலில் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்று எடுக்கலாம் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டோம். ஆறு மாதமாகப் பார்த்ததில் இரண்டில் வந்து நிற்கிறது. ஒன்று ஸ்கார்பியோ-என் 4×4. இன்னொன்று எக்ஸ்யூவி 700 டீசல் ஆட்டோமேட்டிக், ஏடபிள்யூடி, அதாவது தேவைப்படும்போது நான்கு சக்கரத்துக்கும் தானாக இழுவை போகிற வண்டி. இரண்டும் மஹிந்திரா, இரண்டிலும் இருப்பது 2.2 லிட்டர் எம்ஹாக் டீசல்தான். அதனால் எந்தக் கம்பெனி நல்லது என்ற பேச்சுக்கே இடமில்லை.

எங்கள் நிலவரம் இது. குடியிருப்பது கோபியில். அப்பாவும் அம்மாவும் டி.என்.பாளையம் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருக்கிறார்கள். தார்ச் சாலையிலிருந்து சாளைக்கு 600 மீட்டர் இட்டேரி, வேலிகளுக்கு நடுவே போகிற மண் தடம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி. நடுவில் ஒரு தாழ்வான இடம், ஐப்பசி மழையில் அங்கே சேறு முழங்கால் வரை வரும். மனைவியின் ஊர் குடிமங்கலம் பக்கம், சுத்தமான கரிசல் காடு. குழந்தைகளின் அப்புச்சி வீட்டுக்கு மாதம் ஒரு முறையாவது போவோம், ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கடம்பூர் மலையில் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்து மரவள்ளி போட்டிருக்கிறேன், மாதம் இரண்டு தடவை அங்கே ஏற வேண்டும். தினப்படி ஓட்டம் என்று பார்த்தால் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வருவதுதான், நான்கு கிலோமீட்டர்.

அம்மாவுக்கு வயது 68. இடது முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்து ஒன்பது மாதம் ஆகிறது. வாரத்தில் இரண்டு நாள் பயிற்சிக்காக ஈரோடு கூட்டிப் போகிறேன். நோம்பி, குலதெய்வம் கோயில் என்றால் ஏழு பேரும் ஒரே வண்டியில் போக வேண்டும்.

காகிதத்தில் உள்ள கணக்கெல்லாம் பார்த்துவிட்டேன். எஞ்ஜின் சக்தி ஸ்கார்பியோ-என் 175 பிஎஸ், எக்ஸ்யூவி 185 பிஎஸ். இழுவை ஆட்டோமேட்டிக்கில் அது 400 நியூட்டன் மீட்டர், இது 450. இந்த வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்கிற ஆள் நான் இல்லை. ஓட்டுகிறவர்கள், அதுவும் நம் மண்ணில் ஓட்டுகிறவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் இங்கே வந்தேன்.

திம்பம்காற்று (தாளவாடி)

தம்பி, நான் ஸ்கார்பியோ-என் 4×4 மேனுவல் வைத்திருக்கிறேன், இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் வாங்கி அனுப்புகிற தொழில். வாரத்துக்கு மூன்று தடவையாவது திம்பம் இறங்கி ஏறுகிறேன். 27 கொண்டை ஊசி வளைவும் எனக்கு மனப்பாடம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திம்பம் ஏறுவதற்கு 4×4 தேவையே இல்லை. அது தார்ச் சாலை. ஸ்கார்பியோ-என்னில் காய்ந்த தாரில் ஃபோர் ஹை (நான்கு சக்கரமும் சாதாரண கியரில் இழுக்கிற நிலை) போட்டுக்கொண்டு கொண்டை ஊசி திரும்பவே கூடாது. முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், திருப்பத்தில் வண்டி முறுக்கிக்கொண்டு திணறும். மலை ஏறுகிறோமே என்று புதிதாக வாங்கியவர்கள் சிலர் போட்டுவிடுகிறார்கள். வேண்டாம். தாரில் எப்போதும் பின் சக்கர இழுவைதான்.

அப்புறம் எங்கே தேவை? கடம்பூரைத் தாண்டி உள்ளே போகும்போது தேவை. மாக்கம்பாளையம் போகிற வழியில் சர்க்கரைப்பள்ளம், குரும்பூர் பள்ளம் கேள்விப்பட்டிருப்பீர்கள். மழை பெய்தால் பஸ்ஸே நின்றுவிடுகிற இடங்கள். உருண்டைக் கல்லும் மணலுமாகக் கிடக்கிற அந்த மாதிரிப் பள்ளத்தில் இறங்கி, எதிர்க்கரை மேட்டைப் பிடித்து ஏறுவதற்கு ஃபோர் லோ (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றுகிற நிலை) வேண்டும். லோ போட்டால் எஞ்ஜினின் இழுவை சக்கரத்துக்கு ஏறத்தாழ இரண்டரை மடங்காகப் போய்ச் சேரும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கவே வேண்டாம். கிளட்சை விட்டால் வண்டி நடந்து போகிற வேகத்தில் தானாக ஏறும். ஒரு சக்கரம் சுழன்றால் பின்னால் இருக்கிற லாக்கிங் டிஃபரன்ஷியல் பிடித்து அடுத்த சக்கரத்தையும் சேர்த்துத் திருப்பும். எக்ஸ்யூவியில் லோ கியர் கிடையாது. அங்கே வேகம் எடுத்துத்தான் ஏற வேண்டும். கல் நிறைந்த பள்ளத்தில் வேகம் எடுத்தால் அடிப்பாகம் அடிவாங்கும்.

இறக்கத்துக்கும் லோ ஒரு வரம். மரவள்ளி மூட்டை ஏற்றிக்கொண்டு காட்டிலிருந்து மண் பாதையில் இறங்கும்போது பிரேக்கில் கால் வைக்காமல் இறங்கலாம். ஈர மண்ணில் பிரேக் மிதித்தால் வண்டி வழுக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

நீங்கள் கடம்பூருக்கு மாதம் இரண்டு முறை போகிற ஆள். என் ஓட்டு ஸ்கார்பியோ-என்னுக்குத்தான்.

மண்டிவீதி (ஈரோடு)

இன்னும் கொஞ்சம் காசு போட்டு ஃபார்ச்சூனர் பாருங்க. விற்கும்போது விலை நிற்கும்.

சாளைக்காரன் (கோபி)

மண்டிவீதி அண்ணா, அது கொஞ்சம் காசு இல்லீங்க. அந்தப் பணத்தில் தோட்டத்துக்குச் சொட்டுநீரே போட்டுவிடலாம். இந்த இரண்டுக்குள்தான்.

அமராவதிக்கரை (உடுமலை)

கடம்பூர் கதையைத் தாளவாடி அண்ணன் சொல்லிவிட்டார். நான் கரிசல் கதை சொல்கிறேன். மச்சான் வீடு குடிமங்கலம் பக்கம் என்றால் எனக்குப் பக்கத்து ஊர்தான். என்னிடம் எக்ஸ்யூவி 700 ஏடபிள்யூடி இருக்கிறது, 40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

கரிசலில் நீங்கள் எந்த வண்டி வைத்திருக்கிறீர்கள் என்பதைவிட எந்த டயர் வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் பேச்சு. இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இந்த வண்டிக்கு முன்னால் வேறொரு பழைய 4×4 வைத்திருந்தேன். ஒரு கார்த்திகை மாதம், ராத்திரி பெய்த மழை விட்டு இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிதானே என்ற தைரியத்தில் மக்காச்சோளக் காட்டுக்குள் இறக்கினேன். முப்பது அடி போனது. டயரின் பள்ளங்களில் எல்லாம் கரிசல் அப்பிக்கொண்டு, டயர் வழவழவென்று மண் உருளை மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நான்கு சக்கரமும் சேர்ந்து சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் இறுகி, கடப்பாறையை விட்டு நெம்பி எடுத்தோம். கடைசியில் டிராக்டர்தான் வந்து இழுத்தது. அன்றைக்கு லோ கியரும் இருந்தது, ஒன்றும் நடக்கவில்லை. ஏனென்றால் அதில் போட்டிருந்தது ரோட்டு டயர்.

நாங்கள் அப்பாரு காலத்திலிருந்து கடைப்பிடிக்கிற வழக்கம் ஒன்று உண்டு. மழை விட்டு ஒரு நல்ல வெயில் அடித்து, மேல்மண் ஆடை மாதிரி காய்கிற வரைக்கும் கரிசலுக்குள் சக்கரம் இறங்கக் கூடாது, மாட்டு வண்டியானாலும் சரி. அப்புச்சி வீட்டு வாசல் வரைக்கும் தார் இருக்கிறதா, காட்டுக்குள் போக வேண்டுமா என்று முதலில் சொல்லுங்கள்.

எக்ஸ்யூவி பற்றி: ஏடபிள்யூடி தானாகவே வேலை செய்யும். முன் சக்கரம் வழுக்கினால் பின்னுக்கு இழுவை போகும், நீங்கள் எதையும் திருக வேண்டியதில்லை. மழையில் வால்பாறை ரோட்டில் 40 வளைவும் ஏறும்போது இதன் அருமை தெரியும். தாரும் ஈரமும் பாசியும் கலந்த இடத்தில் மற்றதில் ஃபோர் ஹை போடலாமா வேண்டாமா என்று யோசிக்க வேண்டும். இதில் யோசனையே இல்லை. பின்னால் உட்கார்ந்திருக்கிற என் மாமியார் ஆழியாறிலிருந்து வால்பாறை வரை ஒரு தடவைகூட வாந்தி என்று சொன்னதில்லை. தனித்தனி சஸ்பென்ஷன், உயரமும் குறைவு. ஸ்கார்பியோ-என் 1857 மில்லிமீட்டர், இது 1755. பத்து சென்டிமீட்டர் தாழ்வாக இருப்பதால் வளைவில் ஆட்டம் குறைகிறது.

சாளைக்காரன் (கோபி)

மாப்ளே, அப்புச்சி வீட்டு வாசலுக்கு 200 மீட்டர் முன்பு வரை தார் உண்டு. மழைக்காலத்தில் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு நடந்து போய்விடலாம். பிரச்சினை எங்கள் இட்டேரிதான். அம்மாவை அந்த 600 மீட்டர் நடக்கவைக்க முடியாது.

பட்டறைக்காரர் (பெருந்துறை)

முப்பது வருடமாக டீசல் வண்டி பிரிக்கிறவன் என்ற முறையில் சில விஷயம் சொல்ல வேண்டும்.

இந்த இரண்டு வண்டிக்கும் எஞ்ஜின் ஒரே குடும்பம், ஆனால் உடம்பு வேறு. ஸ்கார்பியோ-என் லேடர் ஃபிரேம். கீழே ஏணி மாதிரி இரும்புச் சட்டம், அதன் மேல் பாடி. பின்னால் ஒரே அச்சு. எக்ஸ்யூவி மோனோகாக், பாடியே சட்டம். குண்டும் குழியுமான பாதையில் பாரம் ஏற்றிக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டினால் ஃபிரேம் வண்டி தாங்கும். தாரில் வேகமாகப் போகும்போது மோனோகாக் நிதானமாக நிற்கும். இதில் உயர்ந்தது தாழ்ந்தது இல்லை, எந்த வேலைக்கு எது என்பதுதான்.

எக்ஸ்யூவி மாதிரி ஏடபிள்யூடி வண்டிகளில் பின் அச்சுக்கு இழுவையைக் கொடுப்பது ஒரு கிளட்ச். வழுக்கல் நேரத்தில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் வேலை வாங்கலாம். சேற்றில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் விடாமல் முறுக்கினால் சூடாகி ஓய்வு கேட்கும். 4×4 வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் அப்படி இல்லை, பல்லோடு பல் பூட்டியது. தினமும் சேற்றில் உழல்கிறவனுக்கு அதுதான். என்றைக்காவது ஒரு நாள் வழுக்கலைத் தாண்டுகிறவனுக்கு ஏடபிள்யூடி போதும்.

இப்போது நீங்கள் கேட்காத விஷயம். தினமும் நான்கு கிலோமீட்டர் பள்ளிக்கூட ஓட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வருகிற டீசல் வண்டிக்கு அதுதான் எதிரி. டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி புகைக்கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் கரி எரிந்து போக வேண்டுமானால் உள்ளே சூடு 600 டிகிரியை ஒட்டி ஏற வேண்டும். நான்கு கிலோமீட்டரில் எஞ்ஜினே முழுதாகச் சூடாகாது, கரி எங்கே எரியும்? பாதியில் எரிய ஆரம்பித்து நீங்கள் சாவியை அணைத்துவிட்டால், அதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் எஞ்ஜின் ஆயிலில் போய்ச் சேருகிற வண்டிகளும் உண்டு. டிப் ஸ்டிக்கில் ஆயில் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும். அப்படி வந்த வண்டிகளை என் பட்டறையில் பார்த்திருக்கிறேன்.

அதற்கு வழி சுலபம். வாரத்தில் ஒரு தடவையாவது இருபது நிமிடம், அரை மணி நேரம் நிற்காமல் 60, 70 வேகத்தில் ஓட்டுங்கள். நீங்கள் வாரம் இரண்டு தடவை ஈரோடு போகிறீர்கள், அது போதும். அம்மாவின் பயிற்சி முடிந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடாதீர்கள். பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டர் எடுங்கள்.

மலை இறக்கத்தில் இன்னொன்று. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றாலும் மேனுவல் பக்கம் தள்ளி இரண்டில் வையுங்கள். அது தெரியாமல் பிரேக்கை மிதித்தே இறங்கி, பேட் கருகி வந்த வண்டிகளுக்குக் கணக்கே இல்லை.

காங்கேயத்துப்பொண்ணு (காங்கேயம்)

எல்லோரும் சக்கரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த அம்மாவின் முழங்காலைப் பற்றி யாரும் பேசவில்லையே.

என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. அவரை வண்டியில் ஏற்றி இறக்குவது என் வேலை. அதனால் சொல்கிறேன். வயதானவர்களுக்கு வசதி என்பது உள்ளே இருக்கிற சீட் இல்லை, கதவைத் திறந்ததும் நடக்கிற அந்த அரை நிமிடம். நல்ல வண்டி என்றால் அவர்கள் முதுகைக் காட்டி நின்று, சீட்டில் உட்கார்ந்து, அப்புறம் கால்களை ஒவ்வொன்றாகத் திருப்பி உள்ளே வைப்பார்கள். சீட் உயரமாக இருந்தால் அது முடியாது. ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்து, முழு எடையையும் அதில் போட்டு, கைப்பிடியைப் பிடித்து எம்ப வேண்டும். அறுவை செய்த முழங்காலில் இதைச் செய்யச் சொல்வது கொடுமை. இறங்குவது அதைவிடக் கடினம், தரை எங்கே என்று கால் தேடும்.

அடுத்தது மூன்றாவது வரிசை. ஸ்கார்பியோ-என்னில் அது ஒரே பெஞ்ச். மடக்கினால் மொத்தமும் மடங்கும். எக்ஸ்யூவியில் பாதி பாதியாக மடக்கலாம். ஆறு பேர் உட்கார்ந்து, மிச்ச இடத்தில் பொங்கல் பானையும் சாமானும் வைப்பது அதில் நடக்கும். நோம்பிக்குப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பின் கதவும் பாருங்கள். ஸ்கார்பியோ-என்னில் பக்கவாட்டில் திறக்கும், சுவரை ஒட்டி நிறுத்தினால் திறக்க முடியாது. எக்ஸ்யூவியில் மேலே தூக்குவது, மழையில் குடை மாதிரி நிற்கும்.

குழந்தைகள் பாதுகாப்புக்கு, வண்டியை மோதவைத்துப் பார்க்கிற குளோபல் என்கேப் சோதனையில் எக்ஸ்யூவி 4 நட்சத்திரம், ஸ்கார்பியோ-என் 3. பெரியவர்களுக்கு இரண்டுமே 5. ஆனால் ஒன்று, எக்ஸ்யூவியைச் சோதித்தது 2021-ல் பழைய விதிமுறையில். ஸ்கார்பியோ-என் 2022 கடைசியில், இன்னும் கடுமையாக்கிய விதிமுறையில். அதனால் நட்சத்திரத்தை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

தம்பி, ஒன்று மட்டும் செய்யுங்கள். டெஸ்ட் டிரைவுக்கு நீங்கள் போகாதீர்கள். அம்மாவைக் கூட்டிப் போங்கள்.

நொய்யல்பையன் (திருப்பூர்)

அண்ணா, நான் புதியவன். தார்ச் சாலைதான் அதிகம் என்றால் சாதாரண டூ வீல் டிரைவ் எடுத்தால் என்ன? வரியே எவ்வளவு மிச்சமாகும்! தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 10 முதல் 20 லட்சம் வரைக்கும் 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம் ஆயுள் வரி. 19 லட்சம் வண்டிக்கு 3 லட்சத்து 42 ஆயிரம். 23 லட்சம் என்று வைத்துக்கொண்டால் 4 லட்சத்து 60 ஆயிரம். வண்டி விலையில் 4 லட்சம், வரியில் ஒரு லட்சத்துக்கு மேல், ஆக 5 லட்சத்துக்கு மேல் வித்தியாசம் வருகிறது.

சாளைக்காரன் (கோபி)

தம்பி சொல்வது நியாயமான கேள்வி. இரண்டு நாளாக இதே யோசனைதான். கடம்பூரும் மழைக்கால இட்டேரியும் இல்லாவிட்டால் நானும் அதையே எடுத்திருப்பேன்.

காங்கேயத்து அக்கா, நீங்கள் சொன்னது மனதில் தைத்துவிட்டது. சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிப் போகிறேன். வந்து எழுதுகிறேன்.

திம்பம்காற்று (தாளவாடி)

அக்கா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு வார்த்தை. வண்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மரப்பலகையோ ஸ்டூலோ வைத்தால் ஏறிவிடலாம். என் அம்மாவுக்கு 74 வயது, அப்படித்தான் ஏறுகிறார். ராத்திரி நேரம் மழையில் பாதை போய்விட்டால் ஸ்டூல் உதவாது, லோ கியர்தான் உதவும். மலையில் இருக்கிறவனுக்கு அந்த ஒரு ராத்திரிதான் கணக்கு. திம்பத்தில் இரவில் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால், உடம்புக்கு முடியாதவர்களை மாலைக்குள் இறக்கிவிட வேண்டும் என்று தவித்த நாட்கள் எனக்கு உண்டு. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

சாளைக்காரன் (கோபி)

போய் வந்துவிட்டோம். விரிவாகவே எழுதுகிறேன், என்னை மாதிரிக் குழம்புகிறவர்களுக்கு உதவும்.

முதலில் இட்டேரியை அளந்தேன். அப்பா ஒரு முனை, நான் ஒரு முனை, டேப் பிடித்தோம். பெரும்பாலும் ஒன்பது அடி இருக்கிறது. ஒரே இடத்தில், பங்காளி வீட்டு வேலியில் பழைய கிளுவை ஒன்று உள்ளே சாய்ந்திருக்கிற இடத்தில், ஏழு அடி இரண்டு அங்குலம். அதாவது 2184 மில்லிமீட்டர். ஸ்கார்பியோ-என் அகலம் 1917, எக்ஸ்யூவி 1890. கண்ணாடியை மடக்கிக்கொண்டு போனால் ஒரு பக்கத்துக்கு அதற்கு 13 சென்டிமீட்டர், இதற்கு 15-க்குக் கொஞ்சம் குறைவு. இரண்டும் போகும், இரண்டிலும் கிளுவை முள் கீறும். ஆகவே அகலத்தால் முடிவு வராது. அந்தக் கிளுவையை வெட்டிக்கொள்ளப் பங்காளி சம்மதம் சொல்லிவிட்டார்.

ஷோரூமில் கேட்டுக்கொண்டதில் இரண்டு வண்டியையும் தோட்டம் வரைக்கும் கொண்டுவர ஒத்துக்கொண்டார்கள். முந்தின நாள் ராத்திரி மழை. தாழ்வான இடத்தில் தண்ணீர் நின்றது. எக்ஸ்யூவி அதில் இறங்கியபோது முன் சக்கரம் ஒரு விநாடி சுழன்றது, பின்னால் ஒரு உதை, அப்புறம் ஏறிவிட்டது. ஸ்கார்பியோ-என் ஃபோர் ஹையில் அங்கே ஒரு இடைஞ்சல் இருப்பதே தெரியாத மாதிரிப் போனது. திம்பம் அண்ணா, அந்த நிமிடத்தில் உங்கள் பக்கம்தான் இருந்தேன்.

அப்புறம் அம்மா. ஸ்கார்பியோ-என் கதவைத் திறந்தோம். அம்மா ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, வலது காலைப் படியில் வைத்தார். மேலே எம்ப வேண்டிய நேரத்தில் இடது முழங்கால் நடுங்கியது. சேலைக்கு மேலேயே தெரிந்தது. மகள் ஓடிப்போய் இடுப்பைப் பிடித்தாள். "ஏறிக்குவேன் கண்ணு, விடு" என்று சொல்லி ஏறிவிட்டார். ஆனால் இறங்கும்போது படியில் நின்றுகொண்டு கீழே பார்த்தபடி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். எக்ஸ்யூவியில் அக்கா சொன்ன மாதிரியே செய்தார். திரும்பி நின்றார், உட்கார்ந்தார், சேலையைச் சரி செய்துகொண்டு ஒரு கால், அப்புறம் இன்னொரு கால். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பேசாமல் உள்ளே போய்ப் பால் கணக்கு நோட்டை எடுத்து வந்தார். தினமும் சொசைட்டிக்கு ஊற்றுகிற பால் எத்தனை லிட்டர் என்று எழுதுகிற நோட்டு. பாதை கெட்டு, பால் எடுக்கிற வண்டி உள்ளே வராமல், கேனைத் தலைச்சுமையாக ரோட்டுக்குக் கொண்டுபோன நாட்களில் ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறார். போன வருடம் முழுவதும் எண்ணினோம். 17 நாள். அதில் நாங்கள் வண்டியெடுத்த நாள் 6. அம்மாவை ஈரோடு கூட்டிப்போன சீட்டுகளை எண்ணினேன். ஒன்பது மாதத்தில் 71 தடவை. போக ஒரு முறை, வர ஒரு முறை, நடுவில் மருந்துக் கடை என்று வைத்துக்கொண்டால் அம்மா ஏறி இறங்கியது இருநூறு தடவைக்கு மேல்.

"அந்த நாப்பது மீட்டரு கெட்டுக் கெடக்குதுன்னு வண்டியப் பாக்கறயே, அந்த நாப்பது மீட்டரச் சரி பண்ணுனா ஆகாதா?" என்று அப்பா கேட்டார். அவர் சொன்ன பிறகுதான் போய் அதையும் அளந்தேன். 600 மீட்டரில் சேறாகிற இடம் 38 மீட்டர்தான். மேட்டுக் காட்டுத் தண்ணீர் குறுக்கே வந்து அங்கே தேங்குகிறது. போக வழியில்லை, அவ்வளவுதான்.

ஆகவே எக்ஸ்யூவி 700 ஏடபிள்யூடி என்று முடிவு செய்துவிட்டோம். டீசல் செலவையும் பார்த்துவிட்டேன். வருடம் 18,000 கிலோமீட்டரில் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடக் குறைய வந்தாலும் பத்தாயிரம் ரூபாய் சொச்சம்தான் வித்தியாசம், அதை வைத்து மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. பெயிண்ட் பூசாத கருப்புப் பிளாஸ்டிக் வரைக்கும்தான் கிளுவை கீறும் என்று மகன் தைரியம் சொல்கிறான்.

மனதில் இன்னும் ஒரு கனம் இருப்பது கடம்பூர்தான். பள்ளத்தில் தண்ணீர் வந்துவிட்டால் இந்த வண்டியை இறக்க மாட்டேன்.

பட்டறைக்காரர் (பெருந்துறை)

நல்ல முடிவு. கம்பெனி டயர் 235/60 ஆர்18. தேயும் வரை ஓட்டிவிட்டு, அடுத்த செட் அதே அளவில் ஆல் டெரைன் (தாருக்கும் மண்ணுக்கும் ஏற்ற டயர்) போடுங்கள், கொஞ்சம் சத்தம் வரும், பரவாயில்லை. டிக்கியில் நல்ல இழுவைக் கயிறு, டயருக்குக் காற்றடிக்கிற சின்ன பம்பு, ஒரு மண்வெட்டி எப்போதும் இருக்கட்டும். சேற்றில் இறங்கும் முன் காற்றை 32-லிருந்து 22-க்கு இறக்கினால் டயர் அகலமாகப் படிந்து பிடிக்கும். வெளியே வந்ததும் மறக்காமல் ஏற்றிவிடுங்கள். காற்று குறைந்த டயரில் தாரில் வேகம் போனால் டயர் போய்விடும்.

திம்பம்காற்று (தாளவாடி)

தம்பி, என் கருத்து மாறவில்லை. கடம்பூர் காட்டுக்கு லோ கியர் வேண்டும் என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் அந்த அம்மா படியில் நின்று கீழே பார்த்தார்கள் என்று எழுதியதைப் படித்த பிறகு வேறு எதையும் எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மரவள்ளி பிடுங்குகிற நேரத்தில் சொல்லுங்கள். சத்தியமங்கலத்தில் உங்கள் வண்டியை விட்டுவிட்டு என் வண்டியில் போகலாம். பள்ளத்தில் செந்தண்ணீர் வந்தால் நானும் இறக்க மாட்டேன். மலைத் தண்ணீர் வேகமாக ஏறும், மழை நின்றால் இறங்கிவிடும். அது வடிகிற வரைக்கும் கரையில் காத்திருக்க வேண்டியதுதான்.

சாளைக்காரன் (கோபி)

அண்ணா, ரொம்ப சந்தோஷமுங்க. கட்டாயம் சொல்கிறேன்.

வண்டி வர எப்படியும் சில வாரம் ஆகும். அதற்குள் 38 மீட்டரை முடித்துவிட வேண்டும். வெறும் கிராவல் அடித்தால் ஒரு மழையில் மண்ணோடு மண்ணாகப் போய்விடும் என்று பக்கத்துத் தோட்டத்தில் சொல்கிறார்கள். யாராவது போட்ட அனுபவம் உண்டா?

அமராவதிக்கரை (உடுமலை)

உண்டு மாப்ளே. முதலில் தண்ணீருக்கு வழி விடுங்கள். தாழ்வான இடத்தில் குறுக்கே ஒன்றரை அடி விட்டத்தில் சிமெண்ட் குழாய் பதித்து, கீழ்க்காட்டுப் பக்கம் வாட்டம் கொடுங்கள். கீழ்க்காட்டுக்காரரிடம் முன்னமே ஒரு வார்த்தை பேசிக்கொள்ளுங்கள். சேற்றை அள்ளி எடுத்துவிட்டு, அடியில் பெரிய உடைகல் முக்கால் அடி, அதன் மேல் கிராவல் அரை அடி. நடு உயர்ந்து இரண்டு ஓரமும் சரிந்த மாதிரி ஆமை முதுகாக இழுக்கச் சொல்லுங்கள். டிராக்டரை நாலு நாள் அதன் மேலேயே ஓட்டிப் படிய வையுங்கள். எங்கள் தோட்டத்தில் இப்படிப் போட்டு ஐந்து மழைக்காலம் தாண்டிவிட்டது.